சொந்தமாகக் கட்டிய மேசை மின்வழங்கிக்கு மிகை மின்னோட்டத் துண்டிப்பு: முதன்முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

எல்எம்317 போன்ற சீராக்கி ஐசி ஒன்றை வைத்து நீங்களே ஒரு மேசை மின்வழங்கியைக் கட்டி முடித்திருந்தால், கேட்ட மின்னழுத்தத்தை அது ஒழுங்காகத் தந்துகொண்டிருக்கும். பிரெட்போர்டில் ஒரு கம்பி இடம் மாறிச் செருகப்பட்டால் அது என்ன செய்யும் என்பதுதான் அடுத்த கேள்வி. எல்எம்317-க்குள் ஒரு மின்னோட்ட வரம்பு ஏற்கெனவே இருக்கிறது; ஆனால் அது சாதாரணமாக 2.2 ஆம்பியர் அளவில்தான் செயல்படத் தொடங்கும். அந்த ஐசி தன்னைக் காத்துக்கொள்வதற்காக வைத்திருக்கும் வரம்பு அது. 50 மில்லிஆம்பியர் மட்டுமே இழுக்க வேண்டிய உங்கள் சிறிய சுற்றை அது காப்பாற்றாது.

இங்கே இரண்டு வகைப் பாதுகாப்புகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வகை, குறித்த அளவுக்கு மேல் போகவிடாமல் பிடித்துக்கொண்டு, அந்த அளவைத் தொடர்ந்து செலுத்திக்கொண்டே இருக்கும். பிழையுள்ள சுற்று அதற்குள் மெல்ல மெல்லச் சூடேறிக் கருகிவிடலாம். துண்டிக்கும் வகையோ, வரம்பு மீறியதும் வெளியீட்டை முழுவதுமாக அறுத்து, ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும் வரை அறுந்த நிலையிலேயே நிற்கும். நாம் இங்கே கட்டப்போவது இரண்டாவது வகை. உணர்தல், சற்றே பொறுத்தல், துண்டித்துத் தாழிட்டுக்கொள்ளுதல் என்று அதற்கு மூன்று வேலைகள். மூன்றிலும் கடினமானது நடுவில் உள்ள பொறுத்தல்தான். மின்தேக்கி உள்ள எந்தச் சுமையும் இணைத்த முதல் சில மில்லிவினாடிகளில் அதிகமாகவே இழுக்கும் என்பதால், அதையும் உண்மையான குறுக்குச் சுற்றையும் பிரித்தறியாத பாதுகாப்பு இரண்டே நாளில் கழற்றி வைக்கப்பட்டுவிடும்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் மின்வழங்கி இது: 15 வோல்ட், 2 ஆம்பியர் மின்மாற்றி, பிரிட்ஜ் ரெக்டிஃபையர், 4700 மைக்ரோஃபாரட் வடிகட்டி மின்தேக்கி, ஹீட்சிங்கில் பொருத்திய எல்எம்317, 1.25 முதல் 12 வோல்ட் வரையிலான வெளியீடு, 1 ஆம்பியர் வரையிலான பயன்பாடு. சுமையில்லாதபோது வடிகட்டி மின்தேக்கியில் ஏறத்தாழ 20 வோல்ட் இருக்கும். உங்களுடையது இதிலிருந்து வேறுபட்டால் கீழே சொல்லும் கணக்கை உங்கள் எண்களுக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் துண்டிப்புச் சுற்றுக்கு நிலையான 12 வோல்ட்டை ஊட்டும் 7812 சீராக்கியின் உள்ளீடு 35 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதை மறந்துவிடாதீர்கள்.

தொடங்கும் முன் மெயின்ஸ் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி மேசைமேல் கண்ணில் படும்படி வையுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. வடிகட்டி மின்தேக்கியை 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றால் அரை நிமிடம் இணைத்து வெறுமையாக்கி, மல்டிமீட்டரால் சரிபார்த்த பிறகே கை வையுங்கள். மின்மாற்றியின் முதன்மைப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லையென்றால் இன்றைய வேலை அதைப் பொருத்துவதுதான். நாம் சேர்க்கப்போகும் துண்டிப்பு ஃபியூஸுக்கு மாற்று அல்ல.

தேவையான பொருட்கள்

எல்எம்393 ஐசி ஒன்று. அதில் இரண்டு கம்பரேட்டர்கள் (இரண்டு மின்னழுத்தங்களை ஒப்பிட்டு எது உயர்ந்தது என்று சொல்பவை) உள்ளன, இரண்டுமே நமக்கு வேண்டும். 7812 சீராக்கி ஒன்று, பிசி547 டிரான்சிஸ்டர் ஒன்று, ஏறத்தாழ 400 ஓம் சுருள் கொண்ட 12 வோல்ட் ரிலே ஒன்று. உணர் மின்தடையாக 0.22 ஓம், 3 வாட். மற்ற மின்தடைகளில் 56 கிலோ ஓம் ஒன்று, 68 ஓம் ஒன்று, 1 கிலோ ஓம் ஒன்று, 4.7 கிலோ ஓம் ஒன்று, 10 கிலோ ஓம் நான்கு, 100 கிலோ ஓம் இரண்டு. 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று, 1என்4148 டையோடு ஒன்று, 1என்4007 டையோடு இரண்டு, 12 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்று, பச்சை எல்ஈடி ஒன்று, அழுத்தும்போது மட்டும் இணையும் பொத்தான் ஒன்று. மின்தேக்கிகளாக 1 மைக்ரோஃபாரட் ஒன்று, 10 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.1 மைக்ரோஃபாரட் மூன்று.

முதல் படி: உணர் மின்தடையை வைக்கும் இடம்

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இங்கே நிதானமாகப் போவோம். வடிகட்டி மின்தேக்கியின் எதிர்முனையை ‘மூலத்தரை’ என்றும், மின்வழங்கியின் கறுப்பு வெளியீட்டு முனையை ‘வெளித்தரை’ என்றும் பெயரிட்டுக்கொள்வோம். இப்போது உங்கள் மின்வழங்கியில் இவை இரண்டும் ஒரே புள்ளி. அந்தப் புள்ளியை வெட்டி, நடுவில் 0.22 ஓம் மின்தடையை வையுங்கள். சுமையிலிருந்து திரும்பி வரும் மின்னோட்டம் அனைத்தும் இனி இந்த மின்தடையைக் கடந்துதான் வடிகட்டி மின்தேக்கியை அடைய முடியும். எனவே மூலத்தரையிலிருந்து பார்க்கும்போது வெளித்தரை, ஒவ்வோர் ஆம்பியருக்கும் 220 மில்லிவோல்ட் உயர்ந்து நிற்கும். நாம் அளக்கப்போவது இந்த உயர்வைத்தான். 1 ஆம்பியரில் அந்த மின்தடை 0.22 வாட் வெப்பத்தையே வெளியிடும். 3 வாட் அளவைக் கேட்பதற்குக் காரணம், சூடேறினால் அதன் மதிப்பும் நகரும் என்பதே.

எது எந்தத் தரையில் சேர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எல்எம்317-இன் மின்னழுத்தத்தை அமைக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் கீழ்முனையும் வெளியீட்டு மின்தேக்கியின் எதிர்முனையும் வெளித்தரையில் சேர வேண்டும். 7812-இன் தரை, எல்எம்393-இன் தரை, பிசி547-இன் எமிட்டர் ஆகியவை மூலத்தரையில் சேர வேண்டும். நான் முதன்முறை கட்டியபோது அந்தப் பொட்டென்ஷியோமீட்டரின் கம்பியைப் பழைய இடத்திலேயே, அதாவது மூலத்தரையிலேயே, விட்டுவிட்டேன். துண்டிப்பு சரியாக வேலை செய்தது, ஆனால் சுமை ஏற ஏற வெளியீடு சரிந்து, 1 ஆம்பியரில் கால் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக இழந்துகொண்டிருந்தது. எல்எம்317 பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி இரண்டு ஐசிகளை மாற்றிய பிறகே கம்பியைப் பார்த்தேன். சரிவு ஆம்பியருக்கு 0.22 வோல்ட் என்று கச்சிதமாக இருந்ததைக் கண்டவுடனேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உலோகப் பெட்டியும் இதே வகைப் பொறிதான். மூலத்தரையும் வெளித்தரையும் வெவ்வேறு திருகுகள் வழியாகப் பெட்டியைத் தொட்டால், மின்னோட்டம் உணர் மின்தடையை விட்டுவிட்டுப் பெட்டி வழியாகத் திரும்பும். அப்போது எவ்வளவு சுமை வைத்தாலும் துண்டிப்பு அசையாது.

கம்பரேட்டருக்குச் செல்லும் இரண்டு உணர் கம்பிகளையும் மின்தடையின் கால்களிலேயே நேரடியாகச் சால்டர் செய்யுங்கள்; அருகில் கிடக்கும் தரைக் கம்பியில் எங்கோ ஓரிடத்தில் ஒட்டிவிடாதீர்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 10 சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ 3.4 மில்லிஓம். பெரிய சுமைப் பாதையில் அது குறுக்கிட்டால் 1 ஆம்பியரில் 3.4 மில்லிவோல்ட் பிழை, அதாவது 15 மில்லிஆம்பியர் தவறு.

இரண்டாம் படி: வரம்பை அமைத்தல்

7812-இன் உள்ளீட்டை வடிகட்டி மின்தேக்கியின் நேர்முனையிலும் தரையை மூலத்தரையிலும் இணையுங்கள். உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒவ்வொன்றை அதன் கால்களுக்கு அருகிலேயே வையுங்கள். மூன்றாவதை எல்எம்393-இன் 8ஆம் காலுக்கும் 4ஆம் காலுக்கும் இடையில் வையுங்கள். 8ஆம் கால் 7812 தரும் 12 வோல்ட்டுக்கும் 4ஆம் கால் மூலத்தரைக்கும் செல்லும்.

12 வோல்ட்டிலிருந்து 56 கிலோ ஓம், அதன்கீழ் 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், அதன்கீழ் 68 ஓம், பிறகு மூலத்தரை என்று வரிசையாக இணைத்து, பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலை எல்எம்393-இன் 2ஆம் காலுக்குக் கொண்டு செல்லுங்கள். இந்த வரிசையில் 0.21 மில்லிஆம்பியர் ஓடும்; நடுக்காலின் மின்னழுத்தம் கீழ்க்கோடியில் ஏறத்தாழ 14 மில்லிவோல்ட்டும் மேல்கோடியில் 225 மில்லிவோல்ட்டும் இருக்கும். 0.22 ஓமால் வகுத்தால், 65 மில்லிஆம்பியர் முதல் 1.02 ஆம்பியர் வரை வரம்பை அமைக்கலாம் என்று கிடைக்கிறது.

68 ஓம் எதற்கு என்று கேட்கலாம். எல்எம்393-இன் இரு உள்ளீடுகளுக்கும் இடையே 5 மில்லிவோல்ட் வரை உள்ளார்ந்த வேறுபாடு இருக்க அனுமதி உண்டு. வரம்பைப் பூஜ்யம் வரை இறங்கவிட்டால், சுமையே இல்லாதபோதும் அது துண்டித்துவிடும். அதே 5 மில்லிவோல்ட், நம் அளவில் 23 மில்லிஆம்பியருக்குச் சமம். ஆகவே கீழ்க்கோடிக்கு அருகே குறியீடுகளைத் துல்லியமாக நம்ப வேண்டாம்.

மேல்கோடியை 1 ஆம்பியரில் நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. எல்எம்317-இன் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு கூடும்போது அதன் உள் மின்னோட்ட வரம்பு தானாகவே இறங்கும். முழுக் குறுக்குச் சுற்றில் அந்த வேறுபாடு உச்சத்தில் இருக்கும். நீங்கள் வைத்த துண்டிப்பு வரம்பு, எல்எம்317 அந்த நிலையில் தரக்கூடிய மின்னோட்டத்தைவிட அதிகமாக இருந்தால், ஐசி தன்னையே கட்டுப்படுத்திக்கொண்டு சூடேறிக்கொண்டிருக்கும். கம்பரேட்டருக்கோ வரம்பு மீறியதாகவே தெரியாது. மோசமான குறுக்குச் சுற்றில் மட்டும் வேலை செய்யாத பாதுகாப்பு என்னும் விசித்திரம் இப்படித்தான் பிறக்கிறது.

மூன்றாம் படி: பொறுத்தலும் தாழிடுதலும்

உணர் மின்தடையின் வெளித்தரைப் பக்கக் காலிலிருந்து 1 கிலோ ஓம் மின்தடை வழியாக 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் ஒரு முனைக்கு வாருங்கள். அதன் மறுமுனை மூலத்தரை. அந்தச் சந்திப்பிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக எல்எம்393-இன் 3ஆம் காலுக்குச் செல்லுங்கள். 1 கிலோ ஓமும் 1 மைக்ரோஃபாரடும் சேர்ந்து 1 மில்லிவினாடி நேர மாறிலியை, அதாவது மின்தேக்கி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிரம்ப எடுக்கும் நேரத்தைத் தருகின்றன. மின்னோட்டம் வரம்பைப்போல் இருமடங்கானால் ஏறத்தாழ 0.7 மில்லிவினாடியில் கம்பரேட்டர் திரும்பும், வரம்பை இலேசாக மட்டும் மீறினால் இன்னும் சற்றுப் பொறுக்கும். இதைவிடப் பொறுமை தேவைப்பட்டால் மின்தேக்கியை 4.7 மைக்ரோஃபாரட் வரை உயர்த்தலாம். அதற்கு மேல் போனால், பின்னால் வரும் மீட்புப் பொத்தான் குறைந்த வரம்புகளில் ஒழுங்காக வேலை செய்யாது.

1ஆம் கால் முதல் கம்பரேட்டரின் வெளியீடு. அது திறந்த கலெக்டர் வகை, அதாவது தரைக்கு இழுக்கும், தானாக மேலே எழாது என்பதால் 10 கிலோ ஓம் ஒன்றால் 12 வோல்ட்டுக்கு இழுத்து வையுங்கள். இயல்பு நிலையில் 3ஆம் கால் 2ஆம் காலைவிடத் தாழ்ந்திருப்பதால் வெளியீடு பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். வரம்பு மீறியதும் 12 வோல்ட்டை நோக்கி எழும். எழுந்தது எழுந்தபடியே நிற்கத்தான் தாழ்ப்பாள் வேண்டும்: 1ஆம் காலிலிருந்து 1என்4148 டையோடும் 100 கிலோ ஓமும் வரிசையாக 3ஆம் காலுக்கு வரட்டும்; டையோடின் பட்டைக்கோடு 3ஆம் காலை நோக்கி இருக்க வேண்டும். வெளியீடு எழுந்தவுடன் இந்தப் பாதை 3ஆம் காலை ஏறத்தாழ 1 வோல்ட்டில் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். வரம்பின் உச்சமே 225 மில்லிவோல்ட் என்பதால், சுமையின் மின்னோட்டம் பூஜ்யமான பிறகும் கம்பரேட்டர் திரும்ப வழியில்லை.

மீட்புப் பொத்தானை 3ஆம் காலுக்கும் தரைக்கும் இடையில் நேராக வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படி வைத்தால், விரல் பொத்தானில் இருக்கும் வரை பாதுகாப்பே இல்லை. துண்டிப்பால் எரிச்சலடைந்தவர்கள் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சுற்றைக் கருக்குவது நடக்கக்கூடியதே. ஆகவே பொத்தானுக்கும் மூலத்தரைக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை, நேர்முனை பொத்தானை நோக்கும்படி வைத்து, அந்த மின்தேக்கிக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் இணையுங்கள். அழுத்திய கணத்தில் வெறுமையான மின்தேக்கி 3ஆம் காலைப் பூஜ்யத்துக்கு இழுத்துத் தாழ்ப்பாளைத் திறக்கும். பிறகு 10 கிலோ ஓம் வழியாக மெல்ல நிரம்பும்போது, சுமையில் பிழை இன்னும் இருந்தால், விரல் எடுக்கப்படாவிட்டாலும் மீண்டும் துண்டிக்கும். இதில் ஓர் உபரி நன்மையும் உண்டு. விரல் பொத்தானில் இருக்கும்வரை நேர மாறிலி 100 மில்லிவினாடியாக நீள்வதால், சுமையில் உள்ள பெரிய மின்தேக்கி நிரம்புவதற்கு வேண்டிய அவகாசம் மறு இணைப்பின்போது தானாகக் கிடைத்துவிடுகிறது.

நான்காம் படி: ரிலே

இரண்டாவது கம்பரேட்டர் செய்திகொண்டு போகும் ஆள் மட்டுமே. 1ஆம் காலை 6ஆம் காலுடன் இணையுங்கள்; 5ஆம் காலுக்கு, 12 வோல்ட்டுக்கும் மூலத்தரைக்கும் இடையிலான இரண்டு 10 கிலோ ஓம்களின் நடுவிலிருந்து 6 வோல்ட் கொடுங்கள். 7ஆம் காலை 4.7 கிலோ ஓமால் 12 வோல்ட்டுக்கு இழுத்து, அதே காலிலிருந்து பச்சை எல்ஈடி வழியாகப் பிசி547-இன் பேஸுக்குச் செல்லுங்கள்; எல்ஈடியின் நேர்முனை 7ஆம் காலை நோக்கட்டும். பேஸுக்குச் செல்லும் அதே 2 மில்லிஆம்பியர் எல்ஈடியையும் எரிய வைக்கும். அது எரிந்தால் வெளியீடு இணைந்திருக்கிறது, அணைந்தால் துண்டிக்கப்பட்டிருக்கிறது.

ரிலே சுருளை 12 வோல்ட்டுக்கும் பிசி547-இன் கலெக்டருக்கும் இடையில் வையுங்கள். சுருளின் ஓட்டம் 30 மில்லிஆம்பியர்தான். பிசி547 அதைத் தாராளமாகத் தாங்கும். சுருளுக்குக் குறுக்கே வெறும் டையோடு மட்டும் வைத்தால் சுருளின் ஆற்றல் மெதுவாகவே வடிந்து, ரிலே விடுபடுவது தாமதப்படும். எனவே 1என்4007-ஐயும் 12 வோல்ட் ஜீனரையும் எதிரெதிராகத் தொடரில் இணையுங்கள்: 1என்4007-இன் பட்டையற்ற முனை கலெக்டருக்கும், ஜீனரின் பட்டையற்ற முனை 12 வோல்ட்டுக்கும் செல்ல, பட்டையுள்ள முனைகள் இரண்டும் நடுவில் சந்திக்க வேண்டும். அணையும் கணத்தில் கலெக்டர் 25 வோல்ட் வரை எழும். பிசி547-இன் தாங்குதிறன் 45 வோல்ட்.

ரிலேயின் பொதுமுனையை எல்எம்317-இன் வெளியீட்டுடனும், சுருளில் மின்னோட்டம் ஓடும்போது மட்டும் மூடும் முனையைச் சிவப்பு வெளியீட்டு முனையுடனும் இணையுங்கள். இப்படி வைத்தால் 12 வோல்ட் ஊட்டமே செத்துப்போனாலும் வெளியீடு அறுந்துதான் நிற்கும். மின்னழுத்தமானி இருந்தால் அதை ரிலேக்கு முன்பே இணையுங்கள். வெளியீடு அறுந்திருக்கும்போதும் மின்னழுத்தத்தை அமைத்துக்கொள்ளலாம். இரண்டாவது 1என்4007-ஐ வெளியீட்டு முனைகளுக்குக் குறுக்கே, பட்டைக்கோடு சிவப்பு முனையில் இருக்கும்படி, மோட்டார் போன்ற சுமைகளின் திருப்பியடிக்கு எதிராக வையுங்கள்.

ரிலே விடுபட ஏறத்தாழ 5 மில்லிவினாடி எடுக்கும். அவ்வளவு நேரமும் எல்எம்317-இன் உள் வரம்பு முன்நின்று தாங்கிக்கொள்வதால் இது பரவாயில்லை. உள் வரம்பே இல்லாத வகையில், 2என்3055 போன்ற பவர் டிரான்சிஸ்டரை வைத்துக் கட்டிய மின்வழங்கிகளுக்கு இந்த வேகம் போதாது. அங்கே ரிலேக்குப் பதில், அதைவிட வேகமாக அறுக்கும் மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் வகை வேண்டும். எல்எம்317-இன் சரிசெய்காலை (மின்னழுத்தத்தை அமைக்கும் பொட்டென்ஷியோமீட்டர் சேரும் கால்) தரைக்கு இழுத்து அணைப்பது எளிய வழியாகத் தோன்றினாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அப்போதும் வெளியீட்டில் 1.25 வோல்ட் எஞ்சியிருக்கும். குறுக்குச் சுற்றில் முழு மின்னோட்டமும் பாய அதுவே போதும்.

எந்தத் துண்டிப்பாலும் தடுக்க முடியாத ஒன்று உண்டு: வெளியீட்டு மின்தேக்கியில் தேங்கியிருக்கும் ஆற்றல். அது உணர் மின்தடை வழியாக வராமல் நேரே சுமைக்குள் பாயும். 12 வோல்ட்டில் 1000 மைக்ரோஃபாரட் என்பது 72 மில்லிஜூல், ஒரு சிறு எல்ஈடியைக் கொல்லத் தாராளம். 10 மைக்ரோஃபாரட் என்றால் 0.72 மில்லிஜூல் மட்டுமே. உங்கள் வெளியீட்டில் பெரிய மின்தேக்கி இருந்தால் இப்போதே 10 மைக்ரோஃபாரடாகக் குறைத்துவிடுங்கள்; எல்எம்317 அதனுடன் நிலையாகவே இயங்கும்.

ஐந்தாம் படி: சோதனையும் அளவிடலும்

எல்எம்393-ஐச் சாக்கெட்டில் செருகாமல் முதலில் மின்சாரம் கொடுத்து, 8ஆம் காலில் 12 வோல்ட், 5ஆம் காலில் 6 வோல்ட், 2ஆம் காலில் பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்பும்போது 14 முதல் 225 மில்லிவோல்ட் வருகிறதா என்று மூலத்தரையிலிருந்து அளந்து பாருங்கள். கறுப்புச் சோதனைக் கம்பியைப் பழக்கத்தில் வெளித்தரையில் வைத்துவிட வேண்டாம். இந்த நிலையில் ரிலே மூடியபடி இருப்பது இயல்பே. எண்கள் சரியென்றால் மின்சாரத்தை அணைத்து ஐசியைச் செருகுங்கள்.

மீண்டும் மின்சாரம் கொடுக்கும்போது எல்ஈடி எரியாமல் இருக்கலாம். 12 வோல்ட் எழும் கணத்தில் இரு உள்ளீடுகளும் பூஜ்யத்தருகே இருப்பதால் தாழ்ப்பாள் எந்தப் பக்கமும் விழலாம். அது பிழை அல்ல, பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ரிலே மூடும் ஒலி கேட்கும். பொத்தானை அழுத்தியும் உடனே விழுந்தால், சுமையில்லாமலேயே உணர் மின்தடையின் குறுக்கே மின்னழுத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 1 மில்லிவோல்ட் அளவில் இருப்பது எல்எம்317-இன் சொந்த மின்னோட்டத்தால் வருவது, அதற்கு மேல் இருந்தால் 7812-இன் தரையோ ரிலேயின் தரையோ தவறான பக்கத்தில் சேர்ந்திருக்கிறது.

அடுத்து 10 ஓம், 10 வாட் மின்தடையைச் சுமையாகவும், மல்டிமீட்டரை அதனுடன் தொடரில் ஆம்பியர் அளவிலும் வைத்து, வரம்பை மேல்கோடிக்குத் திருப்பி, வெளியீட்டை 5 வோல்ட்டாக்குங்கள். அரை ஆம்பியர் ஓடும். இப்போது வரம்பை மெல்லக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ரிலே விழும் இடத்தில் 2ஆம் கால் 110 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். அந்த இடத்தில் முகப்பில் 0.5 என்று பென்சிலால் குறியுங்கள். மின்னழுத்தத்தை மாற்றி 0.2, 0.8 ஆம்பியர்களுக்கும் இதையே திரும்பச் செய்யுங்கள். கணக்கிட்டு எழுதிய குறியைவிட இப்படிப் பிடித்த குறியே நம்பகமானது, ஏனெனில் 0.22 ஓம் மின்தடையின் பிழையும் கம்பரேட்டரின் பிழையும் இதிலேயே அடங்கிவிடுகின்றன.

கடைசிச் சோதனை குறுக்குச் சுற்று. வரம்பை 0.2 ஆம்பியரில் வைத்து, தடித்த கம்பி ஒன்றால் வெளியீட்டு முனைகளைத் தொடுங்கள். ரிலே உடனே விழ வேண்டும். பிறகு கம்பியை எடுக்காமலேயே பொத்தானை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். ரிலே மூடி, கண்ணிமைக்கும் நேரத்தில் மீண்டும் விழ வேண்டும். இதையே வரம்பின் மேல்கோடியிலும், எல்எம்317 குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, பத்து நிமிடம் சுமையில் ஓடிச் சூடேறிய பிறகு ஒருமுறை என்று செய்யுங்கள். சூடான நிலையில் ரிலே விழாமல் ஹீட்சிங்க் மட்டும் கொதித்தால், மேலே சொன்ன விசித்திரம் உங்களிடம் வந்துவிட்டது என்று பொருள்: உடனே அணைத்துவிட்டு, 56 கிலோ ஓமை 68 கிலோ ஓமாக மாற்றுங்கள். மேல்கோடி ஏறத்தாழ 0.84 ஆம்பியருக்கு இறங்கும். முகப்பின் குறிகளை மட்டும் புதிதாகப் பிடிக்க வேண்டியிருக்கும்.